உருகியும் இசையும்

தலைநகரில் வாழும் நம்மவர்க்குக் கருநாடக இசை ஊரையே அருகிற் கொணர்வது. அதனை நற்கருவியிற் கேட்க விரும்புதல் இயல்பே. அவ்விருப்பத்தை நம்பி, ‘ஃபியூஸ்’ என்னும் உருகியைப் பொன்னும் வெள்ளியும் பூசிப் பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கின்றனர். சிலவற்றின்மேல் அம்புக்குறியும் உண்டு. உருகியைத் திருப்பியிட்டால் வீணையின் நாதமே மாறுமாம்!

நம் இல்லங்களுக்கு வருவது 230 வோல்ட் மாறு மின்சாரம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது அது. அதற்கு அம்பு எத்திசையைக் காட்டும்? பல மைல் தொலைவு சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரம் 20 மில்லிமீட்டர் உருகியில் தூய்மை பெறுதலும் இல்லை.

ஒரு விலக்கு உண்டு. பழைய ஆம்ப்ளிஃபயர் சிலவற்றில் ஸ்பீக்கருக்குச் செல்லும் வழியிலேயே உருகி இருக்கும். தாழ்ந்த ஒலிகளின்போது அக்கம்பி சூடேறி ஆறுவதால் அதன் மின்தடை மாறி, கருவியால் அளக்கத்தக்க சிறு திரிபு தோன்றும். அதற்கும் திசைக்கும் தொடர்பில்லை. ஐயமுடையோர், தாம் காணாதவாறு பிறரைக் கொண்டு உருகியைத் திருப்பச் செய்து, இருபது முறை கேட்டுப் பார்க்கலாம்.

நிற்க. நாம் அஞ்சுவது வேறொன்று. மிகை மின்சாரம் பாயுங்கால் தான் உருகி வீட்டைக் காப்பதே உருகியின் பணி. இசை விரியுமென்று 2 ஆம்பியர் இருந்த இடத்தில் 5 ஆம்பியர் இடுவது தீயை அழைப்பதாகும். சாந்தினி சௌக்கை அடுத்த பாகீரத் பேலஸ் கடைகளில் கிடைக்கும் எளிய உருகியே போதும். கருவியிற் பொறித்த ஆம்பியர் அளவும், மெல்ல உருகுவதைக் குறிக்கும் ‘டி’ அல்லது விரைந்துருகுவதைக் குறிக்கும் ‘எஃப்’ எழுத்தும் ஒத்திருத்தல் வேண்டும். மாற்றுமுன் பிளக்கைக் கழற்றிவிடுக.