அஜினோமோட்டோவும் கணினிச் சிப்பும்

கிழக்கிலங்கையின் கல்முனையிலும் திருக்கோவிலிலும் அஜினோமோட்டோவைச் சுவையூட்டியாகத்தான் அறிவோம். அதே ஜப்பானிய நிறுவனம் ‘ஏபிஎஃப்’ என்ற மெல்லிய காப்புப் படலத்தையும் தயாரிக்கிறது. அமினோ அமில வேதியியலில் அது பெற்ற அறிவிலிருந்து பிறந்த இந்தப் படலம், 1999 முதல் கணினிச் செயலிகளின் அடிப்பலகையில் செம்பு இணைப்புகளை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறது.

சிப் எனப்படும் சிலிக்கன் துண்டு தனித்து இயங்காது. அதற்கு மின்சாரம் வர வேண்டும், தரவு போய்வர வேண்டும், சூடு வெளியேற வேண்டும், ஈரம் அண்டக் கூடாது. இத்தனையையும் பார்த்துக்கொள்வது பொதியிடல். நெடுங்காலம் இது கூலி மலிவான நாடுகளுக்கு ஒதுக்கப்பட்ட கடைசிக் கட்ட வேலையாக இருந்தது. இன்டெல் 1972இல் மலேசியாவின் பினாங்கில் ஆலை திறந்ததும் இந்த வேலைக்காகவே.

இப்போது சிப்பின் திறனையே பொதியிடல்தான் தீர்மானிக்கிறது. சிப் பெரிதாகப் பெரிதாக, ஒரு தூசியால் முழுத் துண்டும் வீணாகும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் செயலியைச் சிறு துண்டுகளாகச் செய்து, ஒரே பொதிக்குள் அருகருகே இணைக்கிறார்கள். நினைவகச் சிப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிலிக்கனை ஊடுருவும் செம்புத் தூண்களால் தொடுக்கிறார்கள். தரவு கடக்கும் தூரம் குறையும்போது மின்செலவும் குறைகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இந்த வழியில்தான் உருவாகின்றன.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. ஒரு பாகை சூடேறினால் சிலிக்கன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு விரியும். பிசின் அடிப்பலகையோ 15 பங்கு அளவுக்கு விரியும். இணைப்புகளைப் பற்றவைக்கும் சோல்டரை உருக்க 250 பாகை வரை சூடேற்றி ஆறவிடும்போது பலகை வளைகிறது, ஆயிரக்கணக்கான நுண் இணைப்புகளில் வெடிப்பு விழலாம். படலம், பசை, சிலிக்கனின் தடிப்பு, அடுப்பின் வெப்பம் ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

கூட்டுழைப்பு கட்டாயமானது இதனால்தான். 2022 மார்ச்சில் போட்டியாளர்களான இன்டெல், ஏஎம்டி, சாம்சங், டிஎஸ்எம்சி ஆகியவை சிறு சிப்களை இணைக்கும் பொதுத் தரமான யுசிஐஇ-க்காகச் சேர்ந்து நின்றன. 2024இல் ஜப்பானின் ரெசோனாக், தன்னையும் சேர்த்து ஜப்பானிய, அமெரிக்க நிறுவனங்கள் பத்து கொண்ட ‘யுஎஸ்-ஜாயின்ட்’ கூட்டமைப்பை அறிவித்தது.

இலங்கைக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 1980களின் தொடக்கத்தில் மோட்டோரோலாவும் ஹாரிஸும் இங்கு இலத்திரனியல் ஆலைகள் அமைக்கத் திட்டமிட்டன. 1983 இன வன்முறைக்குப் பின் விலகிக்கொண்டன. அதே பத்தாண்டில் இந்தியாவில் தொடங்கிய ஸ்பெல் நிறுவனம், சென்னையை அடுத்த மறைமலைநகரில் சிப் பொதியிடலை வளர்த்தது. அமைதியில்லாத நாட்டில் தொழில்நுட்பம் வேர்விடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் நமக்குத் தேவையில்லை.

பொதியிடல் ஆய்வைத் தொடங்கப் பெரிய ஆலை வேண்டியதில்லை. பலகை எவ்வளவு வளையும் என்று கணினியில் கணிக்கலாம். சோல்டர் இணைப்புகளைச் சூடாக்கியும் குளிரவைத்தும் சோதிக்கலாம். இதற்கு வேண்டிய பொறிமுறையும் பொருளறிவியலும் நம் மாணவர்கள் படிப்பவைதான். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது. தொழில் நிறுவனங்கள் தங்கள் உண்மையான சிக்கல்களை அங்கே கொண்டுவர வேண்டும். பீடமும் அந்த நிறுவனங்களைத் தேடிப் போக வேண்டும். திருக்கோவில் மாணவியும் கல்முனை மாணவனும் ஒரே ஆய்வுகூடத்தில் அந்தச் சிக்கல்களைத் தீர்க்கப் பழகினால், 1983இல் கைநழுவியதன் ஒரு பகுதியையாவது மீட்கலாம்.