பால்மரத்தின் பயணம் – 11: உமியோடு உரசும் ரப்பர்

கெடாவின் கிழக்கே மேட்டு நிலத்தில் பால்மரம். மேற்கே கடலோரச் சமவெளியில் நெல். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஜித்ரா வட்டாரத்தில் பல தலைமுறையாகத் தமிழர்கள் முதலாவதை வெட்டிப் பிழைத்தார்கள், இரண்டாவதை உண்டு வளர்ந்தார்கள். மரத்தின் பாலும் வயலின் நெல்லும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது அரிசி ஆலை.

மூடா பாசனத் திட்டம் 1970இல் முடிந்த பிறகு ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் வயலில் இருபோகம் விளைய வழி பிறந்தது. அறுவடைக் காலத்தில் லாரி லாரியாக வந்து குவியும் அந்த நெல்லின் உமியை நீக்குவது ஒரு ஜோடி ரப்பர் ரோல்.

வேலை எளிது. இரண்டு ரோல்களும் எதிரெதிர் திசையில் சுற்றுகின்றன. இடைவெளி நெல்மணியின் தடிமனைவிடக் குறைவு. ஒன்று மற்றதைவிடச் சுமார் 25 சதவீதம் வேகமாக ஓடும். வறுத்த கச்சானை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் தோல் கழல்வதுபோல, இந்த வேக வித்தியாசத்தில் உமி பிய்ந்து வந்துவிடுகிறது. முன்பு ஊர் தோறும் இருந்த இரும்பு ஹல்லர் உமியையும் தவிட்டையும் ஒன்றாக அரைத்து அரிசியையும் நொறுக்கியது. அதற்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் 1960களில் திருவாரூரில் நவீன அரிசி ஆலை வந்தது. முழு அரிசி கிடைக்க வேண்டுமானால் இரும்பின் இடத்தில் இணங்கிக் கொடுக்கும் ஒரு பொருள் வேண்டும் என்பது அங்கும் இங்கும் ஒரே பாடம்.

இணங்கிக் கொடுப்பதற்கு விலை உண்டு. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. ஒவ்வொரு நெல்லும் ரோலின் மேல் ஒரு பொடி உப்புத்தாள். கார் டயரைவிடக் கெட்டியாக, ஷோர் ஏ அளவில் 90ஐ ஒட்டி இந்த ரப்பரைத் தயாரிப்பது அதனால்தான். பல ரோல்கள் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: டயருக்குச் சேர்க்கும் கரிப்பொடி அரிசியில் கறை பிடிக்கும், அதனால் சிலிக்காவைச் சேர்க்கிறார்கள். உமியின் சிலிக்காவை ரப்பருக்குள் இருக்கும் சிலிக்கா தாங்குகிறது!

அப்படியும் ஆயுள் குறைவு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கில் நீள நெல்லுக்கு ஒரு ஜோடி 100 மணி நேரம், குட்டை நெல்லுக்கு 240 மணி நேரம் வரை. எம்ஆர் 219 போன்ற மலேசிய ரகங்கள் நீளமானவை. 2014இல் திறந்த பினாங்கின் இரண்டாவது பாலத்துக்குத் தாங்கலாகப் பொருத்திய இயற்கை ரப்பர் பல பத்தாண்டுகள் இருக்க வேண்டும். அதே மரத்தின் பால் இங்கே சில நாளில் தேய்கிறது. பாரம் ரப்பரைக் கொல்வதில்லை, உரசலும் சூடும்தான் கொல்கின்றன.

வேகமாக ஓடும் ரோல்தான் முதலில் தேயும். புதிதில் இரண்டும் 254 மில்லிமீட்டர் விட்டம். வேக ரோல் 230க்கும் மற்றது 250க்கும் இறங்கிவிட்டால், 25 சதவீதமாக இருந்த வேறுபாடு 15 சதவீதமாகச் சுருங்கிவிடும். உமி சரியாகப் போகாது. மேற்பார்வையாளர் என்ன செய்வார்? திருகை இறுக்குவார். அழுத்தம் கூடினால் சூடு, சூடு கூடினால் ரப்பர் இன்னும் வேகமாகத் தேயும், அரிசியும் உடையும். இது ஆலைகள் தாமாகவே வாங்கிக்கொள்ளும் நஷ்டம். ரோல்களை அவ்வப்போது இடம் மாற்றிப் போட்டாலே பெருமளவு தவிர்க்கலாம். அரை நாள் வேலைகூட அல்ல.

கழற்றிய பழைய ரோல் ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தால் அந்த ஆலையின் பழக்கம் முழுவதும் தெரிந்துவிடும். நடுவில் மட்டும் பள்ளமா? நெல் அகலம் முழுக்கப் பரவாமல் ஒரே இடத்தில் கொட்டியிருக்கிறது. மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுக்குகிறதா? சூட்டில் வெந்திருக்கிறது; காற்று வீசும் விசிறி அடைத்திருக்கலாம். ஆழமான கீறல்களா? அறுவடை எந்திரத்தோடு வந்த கல்லும் மண்ணும் சலிக்காமல் உள்ளே போயிருக்கின்றன.

ஒரே சுற்றில் நூறு சதவீதம் உமி நீக்கும் ஆசையும் ஆபத்து. 85 முதல் 90 சதவீதம் நீங்கினால் போதும். மிச்ச நெல்லைப் பிரிப்பான் பிரித்துத் திரும்ப அனுப்பிவிடும்.

ஓடாத ரோலும் கிழமாகும். துத்தநாகக் கூரையின் கீழ் வெயில்படும் மூலையிலோ, மோட்டார் பக்கத்திலோ அடுக்கிவைத்தால் வெப்பமும் ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்யும். இருட்டான, குளிர்ந்த அறையில் வைத்து, முதலில் வாங்கியதை முதலில் எடுக்க வேண்டும். சீசனுக்கு முன்னால் மொத்தமாக வாங்கிக் குவிக்கும் ஆலைகள் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இது.

(அடுத்த வாரம்: கன்வேயர் பெல்ட்)