வெயிலுக்கும் பட்டா கேட்கிறார்கள்

ஆனைமலையை ஒட்டிய தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு ஆதிதிராவிடர் காலனி. மாமனார் காலத்தில் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டில் ஒரு அக்கா தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறார். நாம் போயிருந்தபோது மொட்டைமாடியைக் காட்டிச் சொன்னார்: "காத்தால விழுகிற வெயிலு பொழுது சாயற வரைக்கும் எங்க வீட்டு மேலதானுங்க நிக்குது. தோப்புக்காரங்க வீட்டுல சோலார் போட்டுட்டாங்க. நாங்க கேட்டா பேப்பர் பத்தலைன்னு திருப்பி அனுப்பறாங்க."

என்ன பேப்பர் என்று பார்ப்போம்.

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்த மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத கூரை போதும். நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் வரை கிடைக்கும்.

அனுமதி நடைமுறையும் காகிதத்தில் எளிதுதான். மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதி திருத்தப்பட்டுவிட்டது. பதிவு பெற்ற நிறுவனம் தகடுகளைப் பொருத்தும். மின்வாரியம் வந்து பார்த்து, போவதையும் வருவதையும் கணக்கிடும் மீட்டரை வைக்கும். பிறகு மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

சிக்கல் இதற்கெல்லாம் முன்னால் இருக்கிறது. வீடு விண்ணப்பிப்பவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் முதல் நிபந்தனை. அந்த அக்கா வீட்டு மின் இணைப்பு, இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றப் போனால் வாரிசுச் சான்றும் வீட்டுக்கான ஆவணமும் கேட்கிறார்கள். வீட்டில் ஒரு பழைய பட்டாக் காகிதம் உண்டு. ஆனால் கிராமக் கணக்கில் அந்தப் பெயர் ஏறவே இல்லை. அடமானம் இல்லாத கடன் உண்டு என்கிறது அரசு. வங்கியோ கூரை உங்களுடையதுதானா என்று கேட்கிறது. மானியம் வேலை முடிந்த பிறகே வரும் என்பதால் கடன் இல்லாமல் கூலிக்காரக் குடும்பம் இதைத் தொடக்கூட முடியாது.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1978இலேயே தனிச் சட்டம் வந்தது. அப்படிக் கொடுத்த மனைகள் பலவற்றில் அளந்து உட்பிரிவு செய்யவில்லை, கணக்கிலும் ஏற்றவில்லை. விழா மேடையில் கொடுத்த காகிதம் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

2011இல் மாநில அரசு கொண்டுவந்த சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்திலும் இதைப் பார்த்தோம். 300 சதுர அடி வீடும் சூரிய விளக்குகளும் இலவசம். பட்டா உள்ளவருக்கு மட்டும் வீடு வந்தது. பட்டா இல்லாதவர் ஓலைக் கொட்டகையிலேயே இருந்தார்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இடத்தின் உரிமையாளர் கேட்டாலும் சரி, அதில் குடியிருப்பவர் கேட்டாலும் சரி, மின்சாரம் கொடுக்க வேண்டும் என்கிறது. கம்பியில் வரும் மின்சாரத்துக்குக் குடியிருந்தால் போதும். வானத்திலிருந்து வரும் வெயிலுக்கு மட்டும் சொந்தக்காரராக இருக்க வேண்டுமா?

மலைமேல் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். 2019 ஆகஸ்டு நிலச்சரிவில் கல்லாறு காடர் குடும்பங்கள் வீடிழந்தன. தெப்பக்குளமேட்டில் மாற்றிடம் கேட்டு அறவழியில் போராடிய பிறகே 2021இல் பட்டா கிடைத்தது. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையோடு மின்கம்பிக்கும் மரபுசாரா எரிசக்திக்கும் வனநிலத்தில் இடம் தரலாம் என்கிறது. அந்தப் பிரிவை வன கிராமங்களில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். படித்த பிள்ளைகள் அந்த வேலையைச் செய்யலாம்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு மின்சாரம் ஏற்கெனவே இலவசம். அவர்கள் கடன் வாங்கிச் சோலார் போடத் தேவையில்லை. தையல் மெஷின், ஃபிரிட்ஜ், கிரைண்டர் என்று கணக்கு ஏறும் வீடுகளுக்குத்தான் இது கைகொடுக்கும். ஆனால் பட்டா எல்லோருக்கும் வேண்டும். வீட்டுக் கடனுக்கும் அதுவே முதல் காகிதம்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியவை இவை. இ-சேவை மையத்தில் உங்கள் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் பழைய பட்டா நகலோடு ஜமாபந்தியில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். இறந்தவர் பெயரில் உள்ள மின் இணைப்புக்கு வாரிசுச் சான்று எடுத்துப் பெயர் மாற்றுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தனித்தனியாக அலையாமல், காலனி முழுவதும் சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. காலனிகளுக்கே வந்து அளந்து, பட்டாவைக் கணக்கில் ஏற்றும் முகாம் வேண்டும். அதுவரை, அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டில் குடியிருப்பதையே உரிமைச் சான்றாக ஏற்க வேண்டும். மானியம் வரும்வரை முன்பணத்தைத் தாட்கோ தாங்க வேண்டும்.

விடைபெறும்போது அந்த அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழிந்த அந்தக் காகிதத்தைக் காட்டினார். "மாமனார் இதைச் சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருந்தாருங்க" என்றார். அதை நகல் எடுத்தோம். வருகிற ஜமாபந்திக்கு அவரோடு நாமும் போகிறோம்.