பூட்டிய பள்ளியும் பாட்டாளி பிள்ளையும்

கோடை விடுமுறை! சொல்லும்போதே சில வீடுகளிலே குதூகலம். குளிர்மலைப் பயணமா, ஓவிய வகுப்பா, ஆங்கிலப் பயிற்சியா என்று அங்கே ஆலோசனை நடக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி மூடினாலும் படிப்பு மூடுவதில்லை. அலமாரியிலே ஏடு உண்டு. அருகிலே படித்த தாய் உண்டு. ஐயம் கேட்டால் விளக்க ஆள் உண்டு.

இன்னொரு வீடு. தந்தை மூட்டை தூக்கப் போய்விட்டார். தாய் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள். ஏழு வயதுப் பிள்ளை, தங்கையை இடுப்பிலே சுமந்தபடி வாசலில் நிற்கிறது. கையிலே ஏடில்லை. நண்பகலிலே தட்டேந்தி உட்காரப் பள்ளிக்கூடமும் இல்லை. ஏப்ரலில் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளை, ஜூனில் எழுத்தைத் தேடுகிறது. குற்றம் பிள்ளையுடையதா? பூட்டினுடையதா?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாட்கள்; ஒன்று முதல் ஐந்து வரை குறைந்தது 200. மணிக் கணக்கில் அவர்களுக்கு 1000, இவர்களுக்கு 800. பிஞ்சுகளுக்குச் சுமை கூடாது என்ற இரக்கமாக இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் 365இல் 200 போனால் மிச்சம் 165. அந்த நாட்கள் எந்த வீட்டில், எப்படிக் கழிகின்றன என்று சட்டம் கேட்கவில்லையே! நாம் கேட்கிறோம்.

நேரம் என்றதும் நமக்கு 1953 நினைவுக்கு வராமலிருக்குமா? அன்று முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகச் சுருக்கினார். மீதி நேரத்திலே பிள்ளை பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று நாம் அதற்குப் பெயர் சூட்டினோம். பெரியார் முழங்கினார். அந்த ஆண்டு ஜூலையில் கழகம் தொடுத்த மும்முனைப் போராட்டத்திலே ஒரு முனை அதுதான். 1954இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அன்று நாடு கற்ற பாடம் என்ன? ஏழையின் கல்வியைக் கெடுக்க ஏட்டைப் பறிக்க வேண்டியதில்லை. நேரத்தைப் பறித்தால் போதும்! பறித்தால் கெடும் என்றால், கொடுத்தால் வளராதா?

வளரும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா பூட்டிய தொடக்கப் பள்ளிகள், தமிழ்நாட்டிலே 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள்! கைப்பேசி இருந்த வீட்டிலே வகுப்பு நடந்தது. இல்லாத வீட்டிலே மறதி நடந்தது. அந்த 2021 அக்டோபரில் தொடங்கியது இல்லம் தேடிக் கல்வி. மாலையிலே ஒன்று, ஒன்றரை மணி நேரம். குடியிருப்புக்கு அருகிலேயே வகுப்பு. சொல்லித் தந்தவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். சிற்றூர்ப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து சோதித்த பொருளியல் ஆய்வாளர்கள் கண்டது என்ன? இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது! ஒன்றரை மணி நேரத்துக்கே இந்த விளைச்சல் என்றால், கூடுதல் நாட்கள் கிடைத்தால்?

நாட்களைக் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவிலே வறுமை மிகுந்த மாநிலங்களுள் ஒன்று நியூ மெக்சிகோ. 2007இல் அங்கே ஒரு திட்டம் வகுத்தார்கள். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில், மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, ஆண்டுக்குக் குறைந்தது 25 நாட்கள் கூடுதல். 2019இல் ஐந்தாம் வகுப்பு வரை நீட்டினார்கள். கூடுதல் நாட்களிலும் அதே ஆசிரியர்தான் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஆனாலும் பல வட்டாரங்கள் சேரவில்லை. ஒதுக்கிய பணம் முழுதும் செலவாகவில்லை. 2023இல் அந்த ஏற்பாட்டை மாற்றி, எல்லாப் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு 1140 மணி நேரம் என்று சட்டம் செய்தார்கள். இதிலே நமக்கு எச்சரிக்கையும் உண்டு. ஆணை பிறப்பித்தால் மட்டும் போதாது. ஆசிரியரும் பெற்றோரும் மனம் ஒப்ப வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கையைத் தெளிவாகவே வைக்கிறோம். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளிலே, முதல் மூன்று வகுப்புகளுக்கு, ஆண்டுக்கு இருபத்தைந்து நாட்கள் கூடுதலாகக் கொடுங்கள். கோடை வெயில் கொளுத்துமே என்பார்கள். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடியுங்கள். கதை இருக்கட்டும், பாட்டு இருக்கட்டும், ஆட்டம் இருக்கட்டும். தேர்வு மட்டும் வேண்டாம்.

சோறு கட்டாயம் வேண்டும். 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில், தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி பிடித்த அகப்பை அது. 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலைச் சிற்றுண்டி என்று அது கைமாறி வந்திருக்கிறது. பள்ளிக்குப் பூட்டு விழுந்தால் அகப்பையும் உறங்கலாமா? வறட்சிப் பகுதிகளிலே கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2004இல் ஆணையிட்டது. பசிக்கு விடுமுறை இல்லை என்பதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டதே!

ஆசிரியருக்கு முழு ஊதியம் வேண்டும். அவரும் உழைப்பாளி. விடுமுறையைப் பறித்துவிட்டுத் தொண்டு என்று பெயர் வைத்தால், அது பழைய பண்ணையார் வாங்கிய வெட்டி வேலைக்குத் தம்பி! இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் தந்தார்கள். அவர்கள் உள்ளம் பெரிது. அந்தத் தொகை சிறிது.

“எட்டு மணி நேர வேலை கேட்டுக் கொடி பிடித்தவர்களே, பிள்ளைக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா?” என்று கேட்பார்கள் சில அறிவாளிகள். வேண்டும், ஐயா! ஆனால் தங்கையைச் சுமப்பது ஓய்வா? செங்கல் சூளை ஓரத்திலே மண் குழைப்பது விளையாட்டா? ஆலையில் கூடும் மணி நேரத்தின் பலன் முதலாளியின் பெட்டிக்குப் போகிறது. பள்ளியில் கூடும் நாளின் பலனோ பிள்ளையின் நெஞ்சிலே தங்குகிறது. அதை எந்த முதலாளியும் பூட்டி வைக்க முடியாது.

அரசு செய்யட்டும் என்று கை கட்டியிருக்கவும் வேண்டாம், தோழர்களே! நம் தெருவிலே படிப்பகம் இருக்கிறது. நாளேடு பார்க்க மட்டுமா அது? கோடைக் காலையிலே இரண்டு மணி நேரம் பிஞ்சுகளுக்குத் திறந்து வையுங்கள். படித்த இளைஞர் ஒருவர் கதை படிக்கட்டும். பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். நாம் செய்து காட்டிவிட்டுக் கேட்டால், மறுப்பவர் நாக்குத் தழுதழுக்கும்.

மே முதல் நாள் கொடியேற்ற வருவீர்கள். ஏற்றிவிட்டு, அதே தெருவிலே பள்ளிக் கதவில் தொங்கும் பூட்டையும் ஒரு முறை பாருங்கள். அதைத் திறக்கச் சொல்வதும் தொழிலாளியின் கோரிக்கைதான்!