நூற்றுக்கு ஐந்து

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இரவுப் பேருந்தேறிக் கொழும்புச் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்லும் பெற்றாருள், பிறவியிலேயே இருதயக் குறையுள்ள பிள்ளையைத் தோளிற் சாய்த்துச் செல்வோரும் உளர். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இக்குறை உண்டு. சத்திரசிகிச்சைக்குக் கையொப்பமிடுமுன் தகப்பனார் கேட்பது ஒன்றே: "பிள்ளை தப்புமோ?" நூற்றுக்கு ஐந்து ஆபத்து என்று வைத்தியர் விடையிறுப்பதாகக் கொள்வோம். அந்த ஐந்தின் பொருள் யாது?

அது அப்பிள்ளையின் தலையெழுத்தன்று. அதே குறையுடன் முன்னர்ச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் கணக்கு. இருதயத்தின் நடுச்சுவரில் ஒரு துவாரம் மட்டுமுள்ள பிள்ளைக்கும், ஓர் அறையே வளராத பிள்ளைக்கும் ஒரே எண்ணைக் கூறலாகாது. முன்னதில் இறப்பு மிக அரிது.

எந்நாள் வரை எண்ணினர் என்பது அடுத்த கேள்வி. 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில், நீலம் பாரித்த 15 மாதக் குழந்தையொன்றுக்கு அல்பிரட் பிளலொக் சத்திரசிகிச்சை செய்தார். வழி கூறியவர் ஹெலன் ரௌசிக் அம்மையார். ஆய்வுகூடத்தில் அம்முறையைச் செப்பஞ்செய்து, அன்று பிளலொக்கின் பின்னால் நின்று குறிப்புரைத்தவர் விவியன் தோமஸ். (கறுப்பினத்தவரான அவர்க்குரிய புகழ் நெடுங்காலம் கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம்.) குழந்தை பிழைத்தது. ஆனால் சில மாதங்களில் மீண்டும் நீலம் பாரித்து, 1945இல் இறந்தது. 30 நாட் கணக்கில் அது தப்பிய குழந்தை. ஓராண்டுக் கணக்கிலோ இறந்த குழந்தை!

கணக்கைப் பாராதிருப்பதன் கேட்டினை இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரிற் கண்டோம். 1991 முதல் 1995 வரை அங்கு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எதிர்பார்க்கத்தக்கதிலும் 30 முதல் 35 வரை கூடுதலாக இறந்தன என 2001இல் விசாரணை அறிக்கை கூறிற்று. இன்று அந்நாட்டில் ஒவ்வொரு வைத்தியசாலையின் கணக்கும் வெளியிடப்படுகிறது. பிள்ளைகளின் நோய்க்கடுமையையும் சேர்த்தே நிறுக்கின்றனர். அவ்வாறு நிறுக்காவிடில், கடும் நோயுள்ள பிள்ளைகளை ஏற்க மறுக்கும் வைத்தியசாலையே சிறந்ததாகத் தோன்றிவிடும் அன்றோ?

ஆகவே தகப்பனார் தயங்காது கேட்கலாம்: இதே குறையுள்ள எத்தனை பிள்ளைகளுக்கு இங்கே சிகிச்சை செய்தீர்கள்? எந்நாள் வரை எண்ணினீர்கள்? வீடு சென்றபின் எதைக் கவனிப்பது?

கடைசிக் கேள்வி நமக்கு மிக முக்கியம். கொழும்பு 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பால் குடிக்கையில் மூச்சு வாங்குதல், உதடு நீலித்தல், காய்ச்சல் இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராது, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அன்றே செல்லல் வேண்டும். சத்திரசிகிச்சைக் குறிப்பேட்டையும் மறவாது எடுத்துச் செல்க.