நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பினால்…



"உடம்பு நல்லாத்தான இருக்கு, எதுக்கு மாத்திரை?" என்று சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுத்த மாத்திரையை அப்படி நிறுத்தினால் கை கால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு.

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடவென்று துடிப்பதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அப்போது ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயதானவர்களுக்கும், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் இது அதிகம். சிறு வயதில் ரூமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இளவயதிலேயே வரலாம். இவர்களில் பெண்களே அதிகம்.

டாக்டர்கள் எதை வைத்து மருந்து எழுதுகிறார்கள்?

ஆய்வுகளைப் பார்த்து இதய மருத்துவ சங்கங்கள் வழிகாட்டு நெறிகள் வகுக்கின்றன. வால்வு நல்லா இருந்தால் வயது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் இவற்றுக்கு மதிப்பெண் போட்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். வால்வு மிகவும் சுருங்கியிருந்தால் கணக்கே இல்லை, மாத்திரை கட்டாயம். ஆஸ்பிரின் மட்டும் போதாது.

வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய மாத்திரைக்கு அடிக்கடி ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை வேண்டும். வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரை வந்திருக்கே, அதைத் தரக்கூடாதா? வால்வு நல்லா இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் தருகிறார்கள். ரூமாட்டிக் வால்வு நோயாளிகளிடம் இந்தியா உட்பட 24 நாடுகளில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. 2023-ல் அமெரிக்க வழிகாட்டு நெறியும், வால்வு சுருங்கியவர்களுக்குப் பழைய மாத்திரையையே சொன்னது.

நாம் செய்ய வேண்டியவை:

* குழுக் கூட்டத்தில் ஒரு நிமிடம் மணிக்கட்டு நாடி பாருங்கள். தாறுமாறாக அடித்தால் அரசு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுங்கள்.
* ஐ.என்.ஆர். பெரும்பாலும் 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். அட்டையில் குறித்து வையுங்கள்.
* வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் முருங்கைக் கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு, மறு வாரம் விட்டுவிடாதீர்கள். எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும்.
* மலம் கறுத்தால், ஈறில் ரத்தம் வந்தால், மாதவிலக்கு அதிகமானால் உடனே டாக்டரிடம் போங்கள். கர்ப்பம் என்றால் முதல் நாளே சொல்லுங்கள்.
* பரிசோதனைக்குப் போக பஸ் காசு இல்லையா? குழுவில் உள்கடன் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்!