அழுக்குக்குத்தான் விலை

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் இருக்கிறது படியூர். பனியன் மூட்டை ஏற்றிய வேன்கள் நிற்காமல் கடந்துபோகும் ஊர். ஒரு காலத்தில் ரோமாபுரிச் சீமாட்டிகள் ஆசைப்பட்ட பெரில் கல் இந்தப் பக்கத்துப் பாறைகளிலிருந்துதான் போனது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் கோவையை ஒட்டிய வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்தன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், துளையிடாமல் பாதியில் விட்ட மணிகள் வரை வெளிவந்தன. அங்கே கல்லறுக்கும் பட்டறையே இருந்திருக்கிறது.

சுத்தமான பெரிலுக்கு நிறம் கிடையாது. பெரிய விலையும் கிடையாது. அதில் துளி குரோமியம் கலந்தால் மரகதம். இரும்பு கலந்தால் அக்வாமரின். கலப்படத்துக்குக் காசு கொடுக்கும் வியாபாரம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இரும்பிலும் இரண்டு நிலை உண்டு. ஒன்று நீலம் தரும், இன்னொன்று மஞ்சள் தரும். இரண்டும் சேர்ந்தால் கடல்பச்சை. கி.பி. 79-இல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, கடலின் பச்சையை ஒத்த பெரிலே உயர்ந்தது என்று எழுதிவைத்தார். இந்தியர்கள் படிகக்கல்லுக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்கிறார்கள் என்ற புகாரும் அவரிடம் உண்டு. சாயத்தொழிலில் நமக்குப் பழக்கம் இன்று நேற்றல்ல!

இன்றைய சந்தைக்கோ நீலம்தான் வேண்டும். அதனால் பச்சை அக்வாமரினை 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். மஞ்சள் போய் நீலம் மட்டும் நிற்கும். பிளினி மெச்சிய நிறத்தை எரித்துத்தான் விலையை ஏற்றுகிறார்கள்.

வைரத்தில் கணக்கு இன்னும் விசித்திரம். நைட்ரஜனால் லேசாக மஞ்சள் தட்டினால் விலை இறங்கும். அதே மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் ஏறும். போரான் கலந்தால் அபூர்வ நீலம். கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் ஹோப் வைரம் அப்படிப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் அதே கார்பன்தான், மின்னுவதும் அப்படியேதான். ஆனால் கருவி பிரித்துச் சொல்லிவிடும், விலை பாதாளத்துக்குப் போகும். ஒரே துணியில் லேபிள் மாறினால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீலக்கல்லைச் சூடேற்றினால் உள்ளே தடயம் இருக்கும். சூடு படாத கல்லுக்கு அதனால் கூடுதல் விலை. அக்வாமரினில் அந்தத் தடயம் பெரும்பாலும் அகப்படுவதில்லை; அதனால் அங்கே இரண்டுக்கும் ஒரே விலை.